ரின்னின் பின்பக்கம்: ரொறன்ரோவின் பக்கற் உணவு பற்றி ஒரு சிறு வரலாறு

கனடாவில் காலைத் தேநீரோடு இருப்பவர்களுக்கும், ஐரோப்பாவில் பின்னேரத்தை எனக்காக ஒதுக்கியவர்களுக்கும், ஊரில் இராச்சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் என் நன்றி.

இந்த அரங்கில் வழக்கமாக நாவல், கவிதை, நாட்டார் வழக்கு என்று பேசுவார்கள். நான் ஒரு சூப்பு ரின்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சிரிக்கலாம். ஆனால் இதிலும் எழுத்து இருக்கிறது. நான் வாசிக்கத் தவறிய எழுத்து. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஊரில் தாதியர் டிப்ளோமா படித்து, கனடா வந்து மறுபடி பரீட்சை எழுதி, இப்போது ஒஷாவாவில் தாதியாக வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணித்தியால வேலை. மூன்று இரவு தொடர்ந்து போனால் நாலாவது நாள் குசினியில் நிற்கக் கால் இடம் தராது. அம்மா என்னோடுதான் இருக்கிறா. அவவுக்கு இருதயம் பலவீனம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

நான் சமைக்க முடியாத நாட்களுக்காகச் சுப்பர்மார்க்கெற்றில் மரக்கறிச் சூப்பு ரின்கள் வாங்கி அடுக்கினேன். முன்பக்கத்தில் கரட்டும் பீன்ஸும் தோட்டத்தில் இருந்து இப்போதுதான் பிடுங்கிய மாதிரி. பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘உப்பு 25 சதவீதம் குறைவு’. அம்மாவும் குடித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இதில உப்பே இல்லைப் போல கிடக்கு, நல்ல சாமான்தான்” என்றா. மத்தியானம் ஒரு ரின், இரவு பாணோடு இன்னொரு ரின்.

இரண்டு கிழமையில் அம்மாவின் கால் வீங்கியது. நிறை மூன்று கிலோ கூடியது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் “என்ன சாப்பிடுகிறா?” என்று கேட்டபோது, உப்புக் குறைந்த சூப்புத்தான் என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்துதான் ரின்னைத் திருப்பினேன். 250 மில்லிலீற்றருக்கு 480 மில்லிகிராம் சோடியம். ரின்னில் இருப்பதோ 540 மில்லிலீற்றர். ஒரு ரின்னில் ஆயிரத்துக்கு மேல். இரண்டு ரின்னோடு அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. பாண், சம்பல், ஊறுகாய் எதுவும் அதற்குள் சேரவில்லை.

நோயாளி குடிக்கும் தண்ணீரை மில்லிலீற்றர் கணக்கில் எழுதுகிறவள் நான். என் வீட்டு அலுமாரியில் இருந்த ஒரு ரின்னை வாசிக்கவில்லை. அந்த வெட்கம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. ரின்னின் பின்பக்கத்தில் அந்தச் சிறிய பட்டியல் எப்போது வந்தது? யார் கேட்டார்கள்? அது இல்லாத காலத்தில் என்ன நடந்தது?

*

ஒஷாவா என்றால் எல்லோருக்கும் கார்த் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். மளிகை வியாபாரத்திலும் இந்த ஊரின் பெயர் நெடுங்காலம் இருந்தது. ஒஷாவா குறூப் என்ற மொத்த வியாபார நிறுவனம் ஒன்ராறியோவின் ஐஜிஏ கடைகளுக்குச் சாமான் கொடுத்தது. 1998இல் சோபீஸ் அதை வாங்கிய பிறகு பெயர் மறைந்தது.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. ஊர்க் கடையை நினைத்துப் பாருங்கள். சாமான் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும். “பருப்பு புதுசோ?” என்று கேட்போம். அவர் ஒரு பிடி அள்ளிக் காட்டுவார். நிறுத்துச் சுற்றித் தருவார். பொய் சொன்னால் அடுத்த நாள் அவர் முகத்தில்தான் முழிக்க வேண்டும். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை, வாங்குபவரே சாமானை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1919இல் தியடோர் லோப்லோவும் மில்டன் கோர்க்கும் ரொறன்ரோவில் அதே முறையில் ஒரு கடை திறந்தார்கள். இன்று நாங்கள் சாமான் வாங்கும் லோப்லோஸ் அதன் பேரப்பிள்ளை.

கடைக்காரர் நடுவில் இல்லை என்றால், சாமானைப் பற்றி யார் சொல்வது? பக்கற்றே சொல்ல வேண்டும். அன்றிலிருந்து பக்கற்றின் முன்பக்கம் பேசத் தொடங்கியது. அது சொல்வதைச் சரிபார்க்க ஒரு பின்பக்கம் சட்டப்படி வருவதற்கு ஏறக்குறைய 85 வருடம் எடுத்தது. அந்த இடைவெளியின் கதைதான் இன்று என் பேச்சு.

*

சத்துள்ள பக்கற் உணவு சுப்பர்மார்க்கெற்றின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை. அதன் பெயர்பெற்ற முன்னோடி ஒன்று ரொறன்ரோவின் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தது.

நோயுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனை, இன்று சிக் கிட்ஸ் என்று எல்லோரும் சொல்வது, அப்போது கொலிஜ் தெருவில் இருந்தது. தலைமை வைத்தியர் அலன் பிறவுண். அவரின் கீழ் பிரெடெரிக் ரிஸ்டோல், தியடோர் டிரேக் என்ற இரண்டு வைத்தியர்கள். அந்தக் காலத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்த கஞ்சி பெரும்பாலும் தீட்டிய வெள்ளை மா. வயிறு நிரம்பும், விற்றமினும் தாதுப்பொருளும் போதாது. நல்ல தானியக் கஞ்சி என்றால் தாய் நெடுநேரம் அடுப்படியில் நின்று கிண்ட வேண்டும். 1930 அளவில் இவர்கள் கோதுமை, ஓட்ஸ், மஞ்சள் சோளம், எலும்புத் தூள், உலர்த்திய ஈஸ்ட், அல்பால்ஃபா இலைத் தூள் எல்லாவற்றையும் சேர்த்து, முன்கூட்டியே வேகவைத்துக் காயவைத்து ஒரு மா செய்தார்கள். சூடான பாலோ தண்ணீரோ விட்டால் போதும். இலத்தீனில் உணவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பாப்ளம் என்று பெயர் வைத்தார்கள். மீட் ஜோன்சன் நிறுவனம் அதை விற்றது. விற்பனையில் ஒரு பங்கு 25 வருடம் அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்குப் போனது.

இதில் இலக்கியக்காரருக்கும் ஒரு செய்தி உண்டு. பாப்ளத்துக்குச் சுவை இல்லை. அதனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல், உப்புச்சப்பில்லாத எழுத்துக்கும் பேச்சுக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. ஒரு விமர்சகர் ஒரு நாவலைப் பாப்ளம் என்றால் அந்த நாவலாசிரியருக்கு அன்று சாப்பாடு இறங்காது. சத்து இருந்தால் சுவை இராது என்ற நம்பிக்கை எங்கள் மனதில் எப்படி ஏறியது என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி.

பாப்ளம் நல்ல காரியம். அதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். வேலைக்குப் போய்க் களைத்த தாய்க்கு அடுப்படி நேரத்தை மிச்சப்படுத்தி, குழந்தைக்குச் சத்தைக் கொடுத்தது. வசதியான உணவு என்றாலே கெட்டது என்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆனால் அதே வைத்தியர்களில் ஒருவரின் பெயர் இன்னொரு கதையிலும் வருகிறது.

*

1942இல் ரிஸ்டோலும், பூர்வகுடி மக்களின் மருத்துவத்துக்குப் பொறுப்பாக இருந்த அரச வைத்தியர் பேர்சி மூரும், வேறு சிலரும் வடக்கு மனிற்றோபாவுக்குப் போனார்கள். நோர்வே ஹவுஸ் போன்ற இடங்களில் கிறீ மக்கள் பட்டினியால் மெலிந்திருந்ததைத் தங்கள் கண்ணால் கண்டார்கள். பிறகு செய்தது என்ன? சத்துக்குறைவான சுமார் 300 பேரில் 125 பேருக்கு மட்டும் விற்றமின் கொடுத்தார்கள். மற்றவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டார்கள்.

அதே 1942 ஜூலையில்தான் கனடாவின் முதல் அதிகாரபூர்வ உணவு விதிகள் வெளியாகின. இன்று பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கும் கனடிய உணவு வழிகாட்டியின் முதல் வடிவம் அது. அந்த ஊட்டச்சத்துப் பிரிவின் தலைவராக இருந்தவர் லயனல் பெட். 1948 முதல் 1952 வரை அவருடைய மேற்பார்வையில் ஆறு வதிவிடப் பள்ளிகளில், ஏறக்குறைய ஆயிரம் பூர்வகுடிப் பிள்ளைகளில் பரிசோதனைகள் நடந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அல்பேர்ணியில், பிள்ளைகளுக்குத் தேவையான பாலில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். பிறகு பாலைக் கூட்டினால் என்ன மாற்றம் வரும் என்று பார்ப்பதற்காக. ஒன்ராறியோவின் கெனோராப் பள்ளி ஒன்றில் விற்றமினும் எலும்புத் தூளும் சேர்த்த மாவைக் கொடுத்தார்கள். நியூபவுண்லாந்துக்கு வெளியே கடையில் விற்கச் சட்டம் இடம் தராத மா. அங்கே பிள்ளைகளின் இரத்தசோகை கூடியது. பல், முரசு பற்றிய அளவீடு குழம்பிவிடும் என்பதற்காகச் சில பள்ளிகளில் பல் வைத்தியத்தையே நிறுத்தி வைத்தார்கள். இயன் மோஸ்பி என்ற வரலாற்றாசிரியர் 2013இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இது நாட்டுக்குப் பரவலாகத் தெரிந்தது.

அந்தப் பள்ளிகளை நடத்தியவை தேவாலயங்கள். நான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவள். எனக்குத் தாதித் தொழிலின் மேல் ஆசை வந்ததே மிஷன் ஆஸ்பத்திரிகளின் கதைகளைக் கேட்டுத்தான். இதை வாசித்த இரவு எனக்குச் செபம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் மேசையில் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததும், நாடி பார்த்ததும், நிறை எழுதியதும் என்னைப் போல ஒரு பெண்ணாகக்கூட இருந்திருக்கலாம்.

சத்தை அளக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் நல்லது செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பாப்ளத்தில் தாய்க்கு ஒரு தெரிவு இருந்தது. பிடிக்காவிட்டால் வாங்காமல் விடலாம். அல்பேர்ணியில் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவும் இல்லை, தங்கள் கோப்பையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வாரும் இல்லை. சாப்பிடுபவரிடம் சொல்லாமல் அவருடைய உணவைத் தீர்மானிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

*

நாங்களும் மற்றவர்கள் தீர்மானித்த உணவைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். அதே 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தது. இலங்கைக்குப் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மாவும் பாணும் நிரப்பின. இன்று எங்கள் பாரம்பரியம் என்று நாங்கள் ரொறன்ரோவில் தேடிச் சாப்பிடும் கோதுமை மாப் புட்டுக்கும், பாண் சம்பலுக்கும் பின்னால் கப்பலில் வந்த மா இருக்கிறது. சுவை பிறப்பில் வருவது என்று நினைக்கிறோம். பாதிச் சுவை பங்கீட்டு அட்டையில் வந்தது.

1973இல் திரிபோஷா வந்தது. கெயர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கை அரசு தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் முன்கூட்டியே வேகவைத்து, விற்றமினும் தாதுப்பொருளும் சேர்த்த மா. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசம். பாப்ளத்துக்கு ஒரு தூரத்துச் சகோதரி என்று சொல்லலாம். என் தம்பி நிறை குறைந்த பிள்ளை. மருத்துவமாது அவனுக்கென்று தந்த பக்கற்றை அம்மா தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடிப்பா. நாங்கள் நாலு பேரும் சுற்றி இருந்து சாப்பிடுவோம். நோயாளிக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த சத்து நாலாகப் பிரிந்து போகும். இன்று தாதியாக அது பிழை என்று தெரிகிறது. ஆனால் தம்பிக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்ற மூன்று பேரின் முகத்தை எந்தத் தாய் பார்ப்பா?

கடல் தாண்டி பெங்களூருக்கும் ஒரு நிமிடம் போவோம். அங்கே எம்.டி.ஆர். உணவகம், இரண்டாம் உலகப்போரில் அரிசி தட்டுப்பட்ட காலத்தில் ரவையில் இட்லி செய்து பழகியதாகச் சொல்கிறது. 1975இல் இந்தியாவில் அவசரநிலை வந்தது. உணவகங்களுக்கு விலைக் கட்டுப்பாடு வந்தது. அந்த விலையில் தரமாகக் கொடுக்க முடியாது என்று உணவகத்தை மூடிவிட்டு, மாவைக் கலந்து பக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். இன்று ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் நாங்கள் எடுக்கும் ரவா இட்லிப் பக்கற்றின் வம்சாவளி அது.

பாப்ளம், பங்கீட்டு மா, திரிபோஷா, ரவா இட்லி: நாலும் தட்டுப்பாட்டிலிருந்து வந்தவை. வயிறும் சத்தும் முதலில், சுவை பிறகு. அடுத்து வந்தது நேர் எதிரான காலம்.

*

1980களில் வட அமெரிக்காவில் பிரச்சினை பசி இல்லை. கூடுதலாகச் சாப்பிடுவதுதான் பிரச்சினை. கொழுப்பும் கொலஸ்ட்ரோலும் எல்லோர் வாயிலும் வந்தன. லோப்லோ நிறுவனத்தில் டேவ் நிக்கல் என்ற வியாபாரி 1984இல் பிரெசிடென்ற்ஸ் சோய்ஸ் என்ற கடைச்சொந்தப் பெயரைக் கொண்டுவந்தார். 1991இல் அதற்குள்ளேயே சத்துள்ள பொருட்களுக்கென்று ஒரு வரிசை. அதன் பெயர் ‘டூ குட் டு பீ ட்ரூ’. உண்மையாக இருக்க முடியாத அளவுக்கு நல்லது என்று பொருள். வியாபாரத்தில் அதைவிட நேர்மையான பெயரை நான் கண்டதில்லை. 2005இல் அந்த இடத்துக்கு புளூ மெனு வந்தது.

இங்கேதான் சுவையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வாசனையையும் வழுவழுப்பையும் நாக்குக்குக் கொண்டுபோவது கொழுப்பு. கொழுப்பை எடுத்தால் உணவு சப்பென்று ஆகும். அந்த வெற்றிடத்தை நிரப்பச் சீனி, மாப்பொருள், உப்பு மூன்றில் ஒன்று கூடும். கொழுப்பில்லாத பழத் தயிரில் சீனியைப் பாருங்கள், விளங்கும். ரின் சூப்பிலோ வேறு கதை. அது கெடாமல் இருப்பது உப்பால் அல்ல. மூடி அடைத்த பிறகு கொதிநிலைக்கு மேலான சூட்டில் வைப்பதால்தான் அது வருடக்கணக்கில் நிற்கிறது. அந்தச் சூட்டில் மரக்கறியின் சொந்தச் சுவை செத்துவிடுகிறது. செத்த சுவைக்கு உயிர் கொடுப்பதுதான் உப்பின் வேலை. அம்மாவுக்கு ‘உப்பே இல்லைப் போல’ இருந்ததற்கும் காரணம் உண்டு. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் பழகிய நாக்கு அவவுடையது. எவ்வளவு சோடியம் இருக்கிறது என்று நாக்கு சொல்லாது. பழகியதைவிடக் கூடவா குறைவா என்றுதான் சொல்லும்.

‘25 சதவீதம் குறைவு’ என்ற வரியும் பொய் அல்ல. எதைவிடக் குறைவு என்பதுதான் கேள்வி. அதே நிறுவனத்தின் பழைய சூப்பைவிட, அல்லது அதைப் போன்ற இன்னொரு சூப்பைவிட. ‘சோடியம் குறைந்தது’ என்று நேராகச் சொல்ல வேண்டுமென்றால், கனடாவின் விதிப்படி, அந்த உணவுக்கென்று குறித்த அளவில் 140 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். இரண்டு வரியும் பச்சை எழுத்தில் பக்கத்துப் பக்கத்து ரின்னில் இருக்கும். ஒன்று ஒப்பீடு, மற்றது அளவு. இலக்கணம் படித்தவர்கள் இந்த வித்தியாசத்தை என்னைவிட நன்றாக விளக்குவீர்கள்.

நம்பகமான யாராவது ஒருவர் சரிபார்த்து முத்திரை குத்தினால் என்ன என்று ஒரு முயற்சியும் நடந்தது. 1999இல் கனடாவின் இருதய, பக்கவாத அறக்கட்டளை ‘ஹெல்த் செக்’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் கட்டணம் கட்டித் தங்கள் பொருளைச் சேர்க்கும். சில பொருட்களில் உப்பும் சீனியும் கூட என்று விமர்சனங்கள் வந்தன. 2014இல் அந்த முத்திரை நிறுத்தப்பட்டது. நல்ல மனிதர்கள் நல்ல நோக்கத்தோடு செய்தது. ஆனாலும் சாப்பிடுபவருக்கு அது கொடுத்தது ஒரு சரி அடையாளம் மட்டும்தான், எண் அல்ல.

*

எண் 2005இல் வந்தது. 2003 ஜனவரியில் விதி வெளியாகி, 2005 டிசம்பர் 12 முதல் பெரிய நிறுவனங்களுக்கும், இரண்டு வருடம் கழித்துச் சிறியவற்றுக்கும், பக்கற்றின் மேல் ஊட்டச்சத்துப் பட்டியல் கட்டாயமானது. அதற்கு முன் விரும்பியவர்கள் போடுவார்கள், விரும்பாதவர்கள் விடுவார்கள். கலோரியும் 13 சத்துகளும், எல்லாப் பக்கற்றிலும் ஒரே ஒழுங்கில், ஒரே வடிவில்.

அந்தப் பட்டியலில் டிரான்ஸ் கொழுப்பும் இருந்தது. அதை லேபலில் கட்டாயமாக்கிய முதல் நாடு கனடாதான். திரவ எண்ணெயைக் கட்டியாக்கும்போது வருவது. மாஜரினில், பிஸ்கற்றில், ரோல்ஸ், பற்றிஸ் பொரிக்கும் கட்டிக் கொழுப்பில் இருந்தது. இருதயக் குழாய்க்கு மிகக் கெட்டது. இந்த எண்ணைப் பகிரங்கமாகப் போட வேண்டும் என்றதும் பல நிறுவனங்கள் தாங்களாகவே செய்முறையை மாற்றின. முழுத்தடை 2018 செப்டெம்பரில்தான் வந்தது. தடைக்கு முன்பே நடந்ததைக் கனடிய ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான இடத்தில் அளந்தார்கள்: தாய்ப்பாலில். 1992இல் கனடியத் தாய்மாரின் பாலில் இருந்த கொழுப்பில் சுமார் 7 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பு. 2011இல் அது 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திக் கொஞ்சநேரம் இருந்தேன். அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் லேபல் வாசித்திருப்பார்கள்? எல்லோரும் இல்லை. ஆனால் யாரோ வாசிப்பார்கள் என்ற பயமே உணவை மாற்றியது. அது குழந்தையின் வாய்வரை போய்ச் சேர்ந்தது. பாப்ளம் குழந்தைக்கு வெளியிலிருந்து சத்தைச் சேர்த்தது. இந்தப் பட்டியல் தாயின் பாலிலிருந்தே ஒரு நஞ்சைக் குறைத்தது.

2022 ஜூலையில் அடுத்த விதி வெளியானது. நிறைந்த கொழுப்பு, சீனி, சோடியம் மூன்றில் ஏதாவது ஒன்று நாளாந்த அளவில் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், முன்பக்கத்திலேயே கறுப்பு வெள்ளையில் ஒரு பூதக்கண்ணாடிப் படம் போட வேண்டும். முழுச் சாப்பாடாக வரும் பக்கற்றுக்கு 30 சதவீதம். 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். விற்பவர் மட்டும் பேசிய முன்பக்கத்தில் முதன்முறையாகச் சாப்பிடுபவருக்கும் ஒரு மூலை கிடைத்திருக்கிறது.

*

இது எங்களுக்கு ஏன் கூடுதல் அவசரம்? 2000இல் ‘லான்செற்’ இதழில் சோனியா ஆனந்தும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் தெற்காசியர், சீனர், ஐரோப்பிய வழிவந்தவர் என்று மூன்று கூட்டத்தாரை ஒப்பிட்டது. இருதய நோய் தெற்காசியரில்தான் அதிகம். நான் வேலை செய்யும் இடத்தில் அந்த ஆய்வு நடமாடுகிறது. ஐம்பது வயதுக்குள் நெஞ்சுவலியோடு வரும் எங்கள் அண்ணன்மாராக, சீனி வியாதியில் கால் விரலை இழந்த அன்ரிமாராக.

எங்கள் கடைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கடையிலேயே செய்து அங்கேயே விற்கும் உணவுக்கு அந்தப் பட்டியல் கட்டாயமில்லை. கொத்துரொட்டி, ரோல்ஸ், சோற்றுப் பார்சல் எதற்கும் பின்பக்கம் இல்லை. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவரும் பதினான்கு மணித்தியாலம் நிற்கிறார். ஆனால் அங்கே பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்: “அண்ணை, இதுக்கு என்ன எண்ணெய்? உப்புக் குறைச்சுப் போடுவீங்களோ?” நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு மாற்றம் வரும்.

சுப்பர்மார்க்கெற்றில் பயப்படாமல் எடுக்கக்கூடியவையும் நிறைய உண்டு. எதுவும் சேர்க்காமல் உறையவைத்த பட்டாணியும் கீரையும் சத்தில் புதிய மரக்கறிக்குக் குறைந்தவை அல்ல. உறையவைத்த மீனும் அப்படித்தான். சீனி போடாத ஓட்ஸ் நல்லது. ரின் கடலையைக் கழுவி எடுத்தால் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரோடு போய்விடும். பிறகு வெங்காயம், செத்தல் மிளகாய், தேசிக்காய்ப் புளியோடு தாளித்தால் ஐந்து நிமிடத்தில் எங்கள் சுவை. உப்பைச் சட்டென்று நிறுத்தாமல் கிழமைக்குக் கிழமை குறைத்தால் சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும். கோதுமைக்குப் பழகிய நாக்குத்தானே இது. இதற்கும் பழகும்.

வாசிப்பதற்கு நான் என் நோயாளிகளுக்குச் சொல்வது மூன்று விடயம். முதலில் மேலே உள்ள அளவைப் பாருங்கள்: அது முழு ரின்னுக்கா, ஒரு கோப்பைக்கா? அடுத்தது வலப்பக்கச் சதவீதம்: 5 என்றால் கொஞ்சம், 15 என்றால் நிறைய. மூன்றாவது, தேக்கரண்டிக் கணக்கு: நாலு கிராம் சீனி ஒரு தேக்கரண்டி, 2,300 மில்லிகிராம் சோடியம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு.

*

முடிக்கிறேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனை இங்கே பலருக்குத் தெரியும். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, 1860களிலிருந்து மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். பெரிய மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் சொல் தேடினார். தன் உடம்பைப் பற்றிய அறிவு ஒருவருக்குத் தன் மொழியில் இருக்க வேண்டும் என்பது அவர் வேலையின் அடிப்படை. அவர் வந்த அதே நூற்றாண்டில்தான் கனடாவில் அந்த வதிவிடப் பள்ளிகளும் தொடங்கின. ஒரே வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் சிலர் அறிவைக் கொடுத்தார்கள், சிலர் மறைத்தார்கள். நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எங்கள் ரின்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் இருக்கின்றன. தமிழ் இல்லை. அதனால் அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி, எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து அம்மாமாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் தங்கள் வீட்டு ரின்களைப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு மணித்தியாலம் ஒருவரும் எழும்பவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இது உங்களுக்கு ஓர் இரவு வேலை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறா. வேதாகமம் வாசிக்க அவவிடம் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. கடைக்குப் போகும்போது அதையும் கைப்பைக்குள் வைக்கிறா. போன கிழமை நான் வேலையில் நிற்கும்போது தொலைபேசி எடுத்தா. “பிள்ளை, இதில சோடியத்துக்கு நேர 18 எண்டு கிடக்கு. ஒரு கோப்பைக்குத்தான். எடுக்கட்டோ, வைக்கட்டோ?”

“நீங்களே சொல்லுங்கோ அம்மா” என்றேன்.

கொஞ்சநேரம் சத்தம் இல்லை. பிறகு ரின் தட்டில் திரும்ப உட்காரும் சத்தம் கேட்டது.